மேலே இருப்பவரின் பாணியைக் கீழே இருப்பவர்களும் சேர்ந்துதான் செய்கிறார்கள்

கேட்டவர் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எட்டு மாதங்களுக்கு முன் டீம் லீட் ஆனவர். அவர் கேட்டதன் சுருக்கம்: “ஆட்களுக்குச் சுதந்திரம் கொடுத்து நடத்த வேண்டும் என்று நினைத்துத்தான் பொறுப்பை ஏற்றேன். ஆனால் சின்ன முடிவுக்குக்கூட என்னிடமே வந்து நிற்கிறார்கள். இப்போது எல்லாவற்றையும் நானே சரிபார்க்கும் ஆளாகிவிட்டேன். எனக்கு மேலே இருப்பவர் நான் ரொம்பக் கெடுபிடி செய்வதாகச் சொல்கிறார். தலைமைப் பாணி என்பது தலைவரின் குணத்தில் இருந்து வருவதா, கீழே இருப்பவர்கள் உண்டாக்குவதா?”

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டும்தான். ஆனால் கீழே இருப்பவர்களின் பங்கு நாம் வழக்கமாக நினைப்பதைவிட மிகவும் பெரியது. நான் கோவைப் பக்கம் இயந்திரத் தொழிற்சாலைகளில் 26 வருடம் வேலை செய்தவன். ஷிப்ட் சூப்பர்வைசராகத் தொடங்கி உற்பத்தி மேலாளர் வரை போனேன். அதற்கப்புறம் சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி கொடுப்பதே வேலையாகிவிட்டது. நீங்கள் எழுதியிருப்பதை நானே அனுபவித்திருக்கிறேன் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எனக்கு அப்போது 27 வயது. பம்ப் உதிரி பாகங்களைக் கடைசல் பிடிக்கும் ஓர் ஆலையில் ஷிப்ட் பொறுப்பு. இரண்டாவது வாரம், என்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஆபரேட்டர் ஒருவர் வந்து, “தம்பி, அந்த ஃபிக்ஸ்ச்சர் லேசா ஆடுதுங்க. நிறுத்திப் பார்த்துரலாமுங்களா?” என்றார். ஃபிக்ஸ்ச்சர் என்பது பாகத்தை மெஷினில் அசையாமல் பிடித்து வைக்கும் அமைப்பு. மாதக் கடைசி, லாரி வாசலில் நிற்கிறது. “அண்ணா, முதல்ல டார்கெட்டை முடிங்க” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். குரலை உயர்த்தவில்லை. அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அன்று ஒன்றும் கெட்டுப்போகவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஷிப்ட் முழுக்க ஓடிய பாகங்களில் துளை அளவு கூடிப்போய் மொத்தமும் கழிவுக்குப் போனது. அவருக்குக் காலையிலேயே தெரிந்திருக்கிறது. “ஏண்ணா சொல்லலை?” என்று கேட்டேன். “அன்னைக்குச் சொன்னேனுங்களே தம்பி” என்றார். கோபமாகவோ குத்தலாகவோ சொல்லவில்லை, கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அவரைப் பொறுத்தவரை நான் எப்படிப்பட்ட தலைவன் என்பது அந்த ஒற்றை வாக்கியத்தில் முடிவாகிவிட்டது.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் உங்கள் கதை. பயந்துபோய் ஒவ்வொரு பீஸையும் நானே அளக்க ஆரம்பித்தேன். நான் அளக்கிறேன் என்றதும் அவர்கள் அளப்பதை நிறுத்திவிட்டார்கள். ஏன் நிறுத்த மாட்டார்கள்? இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்து என்ன ஆகப்போகிறது? மூன்று மாதத்தில், பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நான் வரும்வரை மெஷினை நிறுத்திக் காத்திருக்கும் நிலை வந்துவிட்டது. “இவங்களுக்குப் பொறுப்பே இல்லை” என்று வீட்டில் புலம்புவேன். அவர்கள் கேன்டீனில் “இந்தத் தம்பிக்கு யார் மேலயும் நம்பிக்கை இல்லை” என்று பேசியிருக்கிறார்கள். இரண்டு தரப்பும் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னோம். ஒருவரை ஒருவர் அப்படி ஆக்கிக்கொண்டிருந்தோம் என்பது மட்டும் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

இதை ஆய்வாகச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். கடுமையான மேலாளர்களுக்குக் கீழே வேலை மோசமாக இருக்கிறது என்று நெடுங்காலமாகப் பல ஆய்வுகள் சொல்லிவந்தன. ஆகவே கடுமைதான் காரணம் என்று முடிவு கட்டினார்கள். 1968-இல் லோவின், கிரெய்க் என்ற இருவர், எது காரணம், எது விளைவு என்பதையே திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். மேற்பார்வை வேலை கேட்டு வந்தவர்களிடம், அவர்களுக்குக் கீழே ஒருவரை ஒப்படைத்து வேலை வாங்கச் சொன்னார்கள். அந்தக் கீழே இருப்பவர் ஆய்வாளர்களின் ஆள். சிலரிடம் திறமைசாலியாக நடந்துகொண்டார், சிலரிடம் வேண்டுமென்றே சொதப்பினார். சொதப்பும் ஆள் கிடைத்தவர்கள் நெருக்கிக் கண்காணித்தார்கள், படிப்படியாக உத்தரவு போட்டார்கள், பேச்சில் கனிவு குறைந்தது. திறமைசாலி கிடைத்தவர்கள் தாராளமாக, இணக்கமாக நடந்துகொண்டார்கள். மேற்பார்வைக்கு வந்தவர்களில் இயல்பாகவே கடுமையானவர்கள் ஒரு பக்கம், மென்மையானவர்கள் மறு பக்கம் என்று யாரும் பிரித்து வைக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஆள்தான் அவர்களின் பாணியை உண்டாக்கினார்.

நான் இதைப் பயிற்சி வகுப்புகளில் சொல்லும்போது சில மேலாளர்கள் முகம் மலர்ந்துவிடும். “பார்த்தீர்களா, எங்கள் தப்பு இல்லை” என்பதுபோல. அவசரப்பட வேண்டாம். அந்த ஆய்வில் கீழே இருந்தவர் நடித்தார், மேலாளர் எப்படி நடந்தாலும் அவர் மாற மாட்டார். நிஜ வேலையிடத்தில் கீழே இருப்பவரும் மாறுவார். நீங்கள் நெருக்கினால் இன்னும் சொதப்புவார் அல்லது கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அதைப் பார்த்து நீங்கள் இன்னும் நெருக்குவீர்கள். அதிகாரம் உங்கள் கையில் இருப்பதால் இந்தச் சுழலை முதலில் நிறுத்த வேண்டிய கடமையும் பெரும்பாலும் உங்களுடையதுதான்.

நீங்கள் சுதந்திரம் கொடுத்தும் அவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை என்றீர்கள். அதற்கு இன்னொரு பழைய ஆய்வு வெளிச்சம் தரும். 1938, 39-இல் அமெரிக்காவின் அயோவாவில் குர்ட் லெவின், லிப்பிட், ஒயிட் மூவரும் 10 வயதுப் பையன்களைச் சிறு குழுக்களாக்கி முகமூடி செய்வது போன்ற கைவேலை கொடுத்தார்கள். அதே குழுக்களை வெவ்வேறு பாணித் தலைவர்கள் மாறி மாறி நடத்தினார்கள். அதிகாரம் செய்யும் தலைவர் அறையை விட்டு வெளியே போனதும் வேலை படுத்துவிடும், கலந்து பேசி நடத்தும் தலைவர் வெளியே போனாலும் வேலை ஓடும் என்பதைத்தான் எல்லோரும் அதிலிருந்து எடுத்துச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு விஷயங்கள். கடுமையான தலைவரிடமிருந்து சுதந்திரமான சூழலுக்கு ஒரு குழு மாறிய முதல் நாளில், அடக்கி வைத்ததெல்லாம் வெடித்ததுபோலக் கும்மாளம் நடந்தது. கொஞ்ச நாளில் அது அடங்கியது. அந்த முதல் நாளை மட்டும் பார்த்த ஒரு மேலாளர் என்ன முடிவுக்கு வருவார்? “இவர்களுக்குச் சுதந்திரம் சரிப்படாது” என்றுதான். நிறைய அலுவலகங்களில் புதிய பாணி அந்த முதல் வாரத்திலேயே செத்துப்போகிறது.

இன்னொன்று, ஏறக்குறைய எல்லாப் பையன்களும் கலந்து பேசும் தலைவரையே விரும்பியபோது ஒரே ஒருவன் மட்டும் அதிகாரம் செய்தவரைப் பிடித்திருக்கிறது என்றான். அவன் ராணுவ அதிகாரி ஒருவரின் மகன். தலைவர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்ற படத்தை அவன் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறான். உங்கள் டீமில் இருப்பவர்களும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டதற்கு அடி வாங்கியவர், முந்தைய மேலாளரிடம் கையெழுத்து இல்லாமல் மென்பொருளில் ஒரு வரிகூட மாற்ற முடியாதவர், வீட்டில் அப்பா பேசும்போது வாய் திறக்காதவர் என்று ஒவ்வொருவரும் ஒரு படத்தோடு வருகிறார்கள். “நீயே முடிவு செய்” என்று நீங்கள் சொல்வது அந்தப் படத்தோடு ஒட்டவில்லை என்றால் அதைச் சுதந்திரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மாட்டிவிடப் பார்க்கிறார் என்றோ, இவருக்கே வேலை தெரியவில்லை என்றோதான் தோன்றும்.

நம் நாட்டு நிலையை வைத்து இதை ஆழமாக யோசித்தவர் பாட்னாவில் இருந்த உளவியலாளர் ஜெ.பி.பி. சின்ஹா. மேலே இருப்பவரைச் சார்ந்திருப்பது, அவரோடு சொந்தம் போன்ற உறவை எதிர்பார்ப்பது, மேல் கீழ் வரிசையை இயல்பாக ஏற்றுக்கொள்வது, இதெல்லாம் இந்தியப் பணியிடங்களில் ஊறியிருக்கிறது என்று பார்த்தார். அப்படிப்பட்ட இடத்தில் முதல் நாளே எல்லோரும் சேர்ந்து முடிவெடுக்கலாம் என்றால் ஆட்கள் தவித்துப்போவார்கள். அக்கறை காட்டுபவராகவும் வேலையில் விட்டுக்கொடுக்காதவராகவும் ஒருவர் தொடங்க வேண்டும், ஆட்கள் தன் காலில் நிற்கப் பழகப் பழகப் பிடியைத் தளர்த்திக்கொண்டே போக வேண்டும் என்று 1980-இல் விரித்து எழுதினார். எனக்கு இது பெரிய உதவியாக இருந்தது. நம் ஊர் மில்களில் நல்ல பெயர் எடுத்த பழைய மேஸ்திரிகளை நினைத்துப் பார்த்தால், இந்த வழியைத்தான் அவர்கள் யாரும் சொல்லாமலே கடைப்பிடித்தார்கள். ஆனால் பலர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். அக்கறை காட்டுவது சுகமாக இருக்கிறது, “அண்ணா, அண்ணா” என்று சுற்றி வருவார்கள். பிடியைத் தளர்த்தும் கட்டம் வருவதே இல்லை. முப்பது வயது ஆள் ஐம்பது வயதிலும் “நீங்க சொன்னாச் சரிங்கண்ணா” என்றே நிற்பார்.

சரி, கீழே இருப்பவர்கள் பேசாமல் இருப்பதால் என்ன ஆகும் என்பதற்கு விமானி அறையைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை. அங்கே பேசியதெல்லாம் பதிவாகிவிடுவதால், நடந்ததை வினாடி வினாடியாகப் பார்க்கலாம். 1977 மார்ச் 27, ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ஒன்றான தெனெரீஃப். மூடுபனியில் கே.எல்.எம். நிறுவனத்தின் 747 விமானம் ஓடுபாதை முனையில் நிற்கிறது. பான் ஆம் நிறுவனத்தின் இன்னொரு 747 அதே ஓடுபாதையில் ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறது. கே.எல்.எம். கேப்டன் அந்த நிறுவனத்திலேயே 747-க்குப் பயிற்சி தரும் மூத்தவர். பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு 747 ஓட்டத் தகுதி கொடுத்துக் கையெழுத்துப் போட்டவரும் அவரே. முதல் தடவை கேப்டன் எஞ்சின் வேகத்தைக் கூட்டியபோது துணை விமானி, பொறுங்கள், இன்னும் அனுமதி வரவில்லை என்றார். தெரியும், கேள் என்றார் கேப்டன். துணை விமானி கேட்டார், பறந்தபின் போக வேண்டிய பாதைக்கான அனுமதி வந்தது. ஓடத் தொடங்கலாம் என்ற அனுமதி வரவில்லை. கேப்டன் மறுபடி வேகத்தைக் கூட்டினார். இந்தத் தடவை துணை விமானி நிறுத்தச் சொல்லவில்லை. விமானம் ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னால் இருந்த பொறியாளர் மட்டும், அந்தப் பான் ஆம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னதும் அவரும் அடங்கிவிட்டார். அடுத்த சில வினாடிகளில் 583 உயிர்கள் போயின.

அந்தக் கேப்டனை வெறும் சர்வாதிகாரி என்று ஒதுக்கிவிட்டால் இதிலிருந்து நாம் எதையும் எடுத்துக்கொள்ள முடியாது. முதல் தடவை துணை விமானி தடுத்தபோது அவர் நிறுத்தினார்தானே? ஆனால் “தெரியும்” என்ற அந்த ஒரு சொல், அடுத்த தடவை வாய் திறப்பதற்கான விலையை ஏற்றிவிட்டது. துணை விமானியின் மௌனம் கேப்டனின் நிச்சயத்தை இன்னும் உயர்த்தியது. பொறியாளர் கேள்வியாகக் கேட்டார், தடையாகச் சொல்லவில்லை. கேள்வியை அழுத்தமான ஒரு பதிலால் மூடிவிடலாம். ஓர் அறையில் மூன்று பேர் சேர்ந்து, யாரும் திட்டமிடாமல், ஒற்றை ஆளின் முடிவை உருவாக்கினார்கள். நான் ஃபிக்ஸ்ச்சர் விஷயத்தில் அண்ணனிடம் சொன்ன வார்த்தையும் இதே வகைதான். அங்கே கழிவுக்குப் போனது இரும்பு என்பது என் அதிர்ஷ்டம்.

அடுத்த வருடமே, 1978 டிசம்பர் 28-இல், அமெரிக்காவின் போர்ட்லண்டில் யுனைடெட் நிறுவன விமானம் ஒன்று சக்கரக் கோளாறைப் பார்த்துக்கொண்டே வட்டமடித்து, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைவதை விமானி அறையில் இருந்த மற்ற இருவரும் கேப்டன் காதில் போட்டிருந்தார்கள், ஆனால் இறங்கியே ஆக வேண்டும் என்று ஓங்கிச் சொல்லவில்லை. 1979-இல் நாசா இதற்காகவே ஒரு பயிலரங்கம் நடத்தியது. 1981 முதல் யுனைடெட், விமானிகளுக்கு இப்போது க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட் என்று சொல்லப்படும் பயிற்சியைத் தொடங்கியது. அதில் நான் மிகவும் மதிப்பது, கேப்டன்களுக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்ததோடு நிற்காமல், துணை விமானிகளுக்குச் சொல்லக் கற்றுக்கொடுத்ததுதான். எப்படித் தொடங்குவது, முதல் தடவை காதில் ஏறாவிட்டால் இரண்டாவது தடவை எப்படி இன்னும் நேராகச் சொல்வது என்று பழக்கினார்கள். தலைமைப் பாணியை மாற்ற இரண்டு நாற்காலிகளிலும் கை வைக்க வேண்டும் என்பதை அவர்கள் பிணங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

பலன் 1989 ஜூலை 19-இல் தெரிந்தது. அதே நிறுவனத்தின் 232-ஆம் விமானம், 296 பேருடன் பறக்கும்போது வால் பக்க எஞ்சின் வெடித்து, விமானத்தைத் திருப்பும் ஹைட்ராலிக் அமைப்புகள் எல்லாம் போய்விட்டன. அப்படி ஒரு நிலைமைக்குப் பயிற்சியே கிடையாது. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ், பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி டெனிஸ் ஃபிட்சையும் உள்ளே கூப்பிட்டு எஞ்சின் விசைகளை அவர் கையில் கொடுத்துவிட்டார். நால்வரும் பேசிப் பேசி, இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே விமானத்தை சூ சிட்டி ஓடுபாதைக்குக் கொண்டுவந்தார்கள். தரையில் மோதி உடைந்தது, 112 பேர் இறந்தார்கள், 184 பேர் பிழைத்தார்கள். அந்த அறையில் மொத்தம் 103 வருடப் பறக்கும் அனுபவம் இருந்தது, அதைப் பயன்படுத்தாமல் நான் மட்டும் ஏன் முடிவெடுக்க வேண்டும் என்ற பொருளில் ஹெய்ன்ஸ் பிறகு பேசினார். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கேட்கத் தயாராக ஒரு கேப்டன் இருந்தார் என்பது பாதிதான். கேட்டவுடன் சொல்லத் தயாராக மூன்று பேர் இருந்தார்கள். அந்தத் தயார்நிலை எட்டு வருடப் பயிற்சியில் வந்தது. உங்கள் டீமில் எட்டு மாதத்தில் வரவில்லையே என்று மனம் ஒடிந்துபோக வேண்டாம்.

கீழே இருப்பவர்களைப் பற்றிப் பேச நமக்கு ஒரு நல்ல சொல்கூட இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொண்டர் என்றால் கட்சி நினைவுக்கு வருகிறது. பின்பற்றுபவர் என்றால் கோயிலோ சமூக ஊடகமோ நினைவுக்கு வருகிறது. தொழிற்சாலையில் “நம்ம ஆட்கள்”, “பசங்க” என்போம். ஆங்கிலத்திலும் இதைத் தனியாகப் படிக்கத் தொடங்கியது தாமதமாகத்தான். 1988-இல் ராபர்ட் கெல்லி என்பவர் இரண்டு கேள்விகளை வைத்து ஆட்களைப் பிரித்துப் பார்த்தார். தானாக யோசிக்கிறாரா? தானாக இறங்கி வேலை செய்கிறாரா? இரண்டும் இருப்பவர் தலைவருக்கு இணையான மதிப்புள்ளவர் என்றார். யோசிக்காமல் ஓடி ஓடி வேலை செய்பவர்களை நாம் ஆமாம் சாமி என்போம். நன்றாக யோசிப்பார், ஆனால் மனம் விட்டுப்போய் ஒதுங்கி மூலையில் உட்கார்ந்து குறை மட்டும் சொல்வார், அது இன்னொரு வகை. என் அனுபவத்தில் இந்த மூலையில் இருப்பவர்கள்தான் பெரிய சொத்து. அவர்களில் பலர் ஒரு காலத்தில் முன்வரிசையில் நின்று சொன்னவர்கள். யாரோ ஒரு மேலாளர் “தெரியும்” என்று சொல்லி அங்கே அனுப்பியிருப்பார்.

ஆமாம் சாமிகளைப் பற்றியும் அப்படியே. அவர்களைத் திட்டுவது எளிது. ஆனால் தலைவர் ஒருவர் தலையாட்டலுக்குச் சிரிப்பதையும் மறுப்புக்கு முகம் சுளிப்பதையும் நூறு தடவை பார்த்த பிறகுதான் ஒருவர் அப்படி ஆகிறார். அப்படிப்பட்டவர்கள் நான்கு பேர் சூழ்ந்துவிட்டால், நல்ல தலைவரும் தன் கருத்தே சரி என்று நம்பத் தொடங்கிவிடுவார். அவருடைய ஒவ்வொரு முடிவும் “சூப்பர் சார்” என்றே திரும்பி வந்தால் அவர் வேறு என்னதான் நினைப்பார்?

நீங்கள் உடனே கவனிக்க வேண்டியது இன்னொன்று. டீம் லீட் எல்லோரிடமும் ஒரே பாணியில் நடப்பதாக நினைத்துக்கொள்வார், நடப்பதில்லை. 1975-இலேயே டான்சரோ, க்ரேன், ஹாகா என்ற மூவர் இதைக் காட்டினார்கள். ஒரே மேலாளருக்குக் கீழே சிலர் உள்வட்டத்தில், சிலர் வெளிவட்டத்தில். உள்வட்டத்துக்கு நம்பிக்கையும் தகவலும் சுதந்திரமும், வெளிவட்டத்துக்கு விதிமுறை மட்டும். 1993-இல் வந்த ஒரு தொடர் ஆய்வில், முதல் ஐந்து நாட்களில் ஒருவரைப் பற்றி ஒருவர் வைத்த எதிர்பார்ப்பு, ஆறு மாதம் கழித்து அவர்களுக்கிடையே இருந்த உறவோடு பொருந்திப்போனது. யோசித்துப் பாருங்கள், ஐந்து நாள். பிரான்ஸில் இருந்த பேராசிரியர்கள் மான்சோனி, பார்சூ இருவரும் 1998-இல் இதன் இருண்ட பக்கத்தை எழுதினார்கள். ஒருவர் சுமார் என்று மேலாளர் மனதில் ஒரு முத்திரை விழுந்ததும் அவரை அதிகம் சரிபார்க்கத் தொடங்குகிறார். அதை உணர்ந்தவர் தன்னம்பிக்கை இழந்து ஒதுங்குகிறார். ஒதுங்குவது முத்திரையை உறுதி செய்கிறது. இதில் மேலாளருக்குக் கெட்ட எண்ணமே கிடையாது, உதவி செய்வதாகத்தான் நினைக்கிறார். உங்கள் டீமில் நீங்கள் யாருடைய வேலையை அதிகம் சரிபார்க்கிறீர்கள், அவருக்கு அந்த முத்திரை எந்தச் சம்பவத்தில் விழுந்தது என்று நேர்மையாக எழுதிப் பாருங்கள். பல தடவை ஒரே ஒரு பழைய சம்பவம்தான் இருக்கும்.

இனி என் கதையின் மீதி. என்னை மாற்றியது மேலாளரோ பயிற்சியோ இல்லை. அதே அண்ணன்தான். ஒரு நாள் ஷிப்ட் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது டீக்கடையில் என் பக்கத்தில் வந்து நின்று, “தம்பி, நாலாவது மெஷின்ல இன்செர்ட் இன்னைக்கு மதியம் தாங்காதுங்க. பதினோரு மணிக்கு நானே மாத்தி, முதல் ரெண்டு பீஸை அளந்து எழுதி வெச்சிடறேன்” என்றார். இன்செர்ட் என்பது கடைசல் கருவியின் வெட்டும் முனை. நான் சொல்ல வேண்டியிருந்தது “சரிங்கண்ணா” மட்டும்தான். மறுநாள் வேறொன்று. தனியாகச் சொன்னார், முன்கூட்டியே சொன்னார், கோளாறோடு தான் என்ன செய்யப்போகிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னார். இரண்டு வாரத்தில் அவர் மெஷின் பக்கம் அளக்கப் போவதை நான் நிறுத்திவிட்டேன். நிறுத்தியதை நானே கவனிக்கவில்லை, மற்ற ஆபரேட்டர்கள் கவனித்தார்கள். அவர்களில் இரண்டு பேர் டீக்கடைக்கு முன்கூட்டியே வர ஆரம்பித்தார்கள்.

பல வருடம் கழித்து, அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் சான்டா ஃபேயின் கேப்டனாக 1999-இல் பொறுப்பேற்ற டேவிட் மார்க்கேயின் அனுபவத்தைப் படித்தபோது அண்ணன் நினைவுதான் வந்தது. மார்க்கே வேறொரு கப்பலுக்காகத் தயாராகி, கடைசி நேரத்தில் இந்தக் கப்பலுக்கு மாற்றப்பட்டவர். ஒரு பயிற்சியில், இந்தக் கப்பலின் மோட்டாரில் இல்லாத ஒரு வேகத்துக்கு உத்தரவு போட்டுவிட்டார். அது இல்லை என்று தெரிந்தும் அதிகாரி அதே உத்தரவைத் திருப்பிச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, நீங்கள் சொன்னீர்களே என்றார். அதற்கப்புறம் மார்க்கே உத்தரவு போடுவதைக் குறைத்து, “இதைச் செய்யப்போகிறேன்” என்று அவர்களே வந்து சொல்லும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். அங்கே மேலிருந்து தொடங்கியது, எங்கள் ஆலையில் கீழிருந்து தொடங்கியது. இரண்டு பக்கமிருந்தும் தொடங்க முடியும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

ஆனால் அண்ணன் நிரந்தரத் தொழிலாளி. அதை மறந்துவிட்டுப் பேசுவது நியாயமாகாது. அதே ஆலையில் கான்ட்ராக்டில் இருந்த பையன்கள் ஒருவரும் டீக்கடைக்கு வரவில்லை, வர முடியாது. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் “மனம் திறந்து பேசு” என்பது கொடுமை. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்று 1982-இல் மூடப்பட்டது. வேலைக்கு வராமை, சண்டை, தரக்குறைவு என்று பெயர் கெட்டுப்போன ஆலை. 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதைத் திறந்தபோது எடுத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள், அதே தொழிற்சங்கம். தவறு தெரிந்தால் யார் வேண்டுமானாலும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், தேவைப்பட்டால் உற்பத்தி வரிசையே நின்றுவிடும் என்ற உரிமை கொடுத்தார்கள். கொஞ்ச காலத்திலேயே தரத்தில் ஜப்பானிய ஆலையை நெருங்கிவிட்டார்கள். கயிற்றைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். 1980-களின் இறுதியில் விற்பனை படுத்தபோதும் யாரையும் வேலையை விட்டு அனுப்பாமல், வேலையில்லாத நேரத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்தியதைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள். என் கணக்கில் கயிற்றை இழுக்கும் தைரியம் அங்கிருந்துதான் வந்தது.

உங்களுக்கு நான் சொல்வது சிலவே. “எல்லோரும் சுதந்திரமாக முடிவெடுங்கள்” என்று பொதுவாக அறிவிக்க வேண்டாம், அது அவர்களுக்கு மாட்டிவிடுவதாகத்தான் தெரியும். ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வகை முடிவை மட்டும் அவர் கையில் கொடுங்கள், தப்பானால் மேலே நான் பதில் சொல்கிறேன் என்று தெளிவாகச் சொல்லுங்கள். தப்பாகும், நிச்சயம் ஒரு தடவை ஆகும். அன்று உங்கள் முகத்தில் தெரிவதை டீம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். யாரையும் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோர் முன்னாலும் திருத்தாதீர்கள், கூப்பிட்டுத் தனியாகச் சொல்லுங்கள். என்ன செய்யட்டும் என்று யாராவது வந்து நின்றால் பதிலை உடனே கொடுக்காமல், நீ என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய் என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். அந்த மௌனம் முதல் சில தடவை இருவருக்கும் சங்கடமாக இருக்கும், தாங்கிக்கொள்ளுங்கள். கெட்ட செய்தி கொண்டுவருபவரிடம் “தெரியும்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், உண்மையிலேயே தெரிந்திருந்தாலும்.

உங்களுக்கு மேலே இருப்பவரிடம் நீங்களும் கீழே இருப்பவர்தான். கெடுபிடி என்று அவர் சொன்னபோது நீங்கள் தலையாட்டிவிட்டு வந்தீர்களா, அல்லது இந்தச் சுழலை அவருக்கு விளக்கி இத்தனை வாரம் வேண்டும், அதுவரை இரண்டு தப்பு நடந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டீர்களா? கேட்கவில்லை என்றால் இந்த வாரமே கேளுங்கள். மேலே உங்களுக்கு இடம் கிடைக்காமல் கீழே உங்களால் இடம் கொடுக்க முடியாது.

அப்புறம், ஆறு வாரத்துக்கு ஒரு சின்னக் கணக்கு வையுங்கள். ஒவ்வொரு நாளும் உங்களிடம் கேள்வியோடு வந்தவர்கள் எத்தனை பேர், “இதைச் செய்யப்போகிறேன்” என்று வந்தவர்கள் எத்தனை பேர் என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் மாற்றம் தெரியாமல் போகலாம், ஒருவேளை மோசமாகவும் ஆகலாம். அந்தப் பையன்களின் முதல் நாள் கும்மாளத்தை நினைவில் வைத்துக்கொண்டு மூன்றாவது வாரத்தையும் எழுதுங்கள்.